விளையாட்டுச் சுவடிகளும் அவற்றைக் காப்போரும்

விளையாட்டுக்கும் வரலாறு உண்டோ என்று இம்மலரைக் கையிலெடுக்கும் பெரியோர் நகைக்கக்கூடும். கிளித்தட்டுக்கும் போர்த்தேங்காய்க்கும் வரலாறு கூறினாற் பொறுத்துக்கொள்வர். தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே பிள்ளைகள் ஊண் உறக்கம் மறந்திருந்து ஆடும் வீடியோ விளையாட்டுக்கு வரலாறு எழுதப் புகுந்த எம்மைக் கண்டு, "இதற்கோ இவர்களைப் பல்கலைக்கழகம் அனுப்பினோம்?" என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் சற்றுப் பொறுமையோடு செவிசாய்ப்பாராயின் இது வெறும் பொழுதுபோக்கின் கதையன்று என்பதை உணர்வர். பிறந்து அறுபது ஆண்டு சற்றே கடந்த ஒரு கலையின் பெரும்பகுதி, அதனை ஆக்கியோரிற் பலர் உயிரோடிருக்கும்போதே எவரும் காணமுடியாததாய் மறைந்துகொண்டிருக்கின்றது. அவ்வாறு மறையாமற் காக்க முனைந்தோர் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கவும் நேர்கின்றது. இவர்கள் காவலரா, கள்வரா? இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற எம்மால் இயலவில்லை. நாம் கற்றறிந்தவற்றை இங்கு எடுத்துரைப்போம்.

முதலில் எமது குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். எம்மில் மிகப் பலர் இவ்விளையாட்டுக்களை முதன்முதற் கண்டது, கடைத்தெருவில் மலிவாக வாங்கிய "ரீவி கேம்" பெட்டியிலே. மஞ்சள் நிறக் கசெற் ஒன்றை அதன் தலையிற் சொருகவேண்டும்; படம் தோன்றாவிடிற் கழற்றி வாயால் ஊதிவிட்டு மீண்டும் சொருகவேண்டும். கசெற்றின் மேலே எத்தனையோ இலட்சம் விளையாட்டுக்கள் உள்ளனவென்று எண் பொறித்திருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டுக்களே பெயரும் நிறமும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். (அச்சிட்ட எழுத்தெல்லாம் உண்மையன்று என்று எமக்கு முதலிற் கற்பித்த ஆசான் அந்தக் கசெற்றே.) மீசைக்காரன் ஒருவன் ஆமைகளை மிதித்துக்கொண்டு ஓடுவான். அவ்விளையாட்டின் பெயர் "சுப்பர் மாரியோ பிறதர்ஸ்" என்பதும், அதனை 1985ஆம் ஆண்டு யப்பானிய நின்ரெண்டோக் கம்பனி வெளியிட்டது என்பதும், எமது பெட்டி அக்கம்பனியின் அனுமதியின்றிச் செய்யப்பட்ட போலி என்பதும் நாம் வளர்ந்த பின்னரே அறிந்தவை. களவுப் படியின் வழியாகவே ஒரு கலை எமது ஊருக்கு வந்து சேர்ந்தது.

நிற்க. இக்கலையின் தொடக்கத்தை நோக்குவோம். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் ஸ்ரீவ் ரசல் என்பாரும் அவர்தம் தோழரும் "ஸ்பேஸ்வோர்" என்னும் விளையாட்டை ஆக்கி முடித்தனர். இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் எளிய ஆட்டம் அது. அக்காலக் கணினி ஓர் அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வது. ஆதலின் அவ்விளையாட்டை விற்று வாழலாமென எவரும் கருதவில்லை. அவ்வகைக் கணினி இருந்த இடங்களுக்கெல்லாம் அது கைமாறிக் கைமாறிப் பரவிற்று. பலரிடம் படியிருந்தமையால் அழியாது நின்றது. பத்தாண்டு கழித்து, 1972இல், அற்றாரிக் கம்பனியின் "பொங்" வந்தது. காசுபோட்டு ஆடும் இயந்திரம் அது. அன்றுதொட்டு விளையாட்டு விற்பனைச் சரக்காயிற்று.

சரக்கு விலைபோகாவிடின் அதன் கதி என்ன என்பதை 1983ஆம் ஆண்டு காட்டிற்று. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வணிகம் அவ்வாண்டிற் சரிந்து வீழ்ந்தது. செப்ரெம்பர் மாதத்தில், ரெக்சஸ் மாநிலத்து எல் பாசோ நகரிலிருந்த அற்றாரிக் களஞ்சியத்திலிருந்து லொறிகள் பல புறப்பட்டு, அயல் மாநிலமான நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டிற் கசெற்றுக்களைக் கொட்டின. மேலே சீமெந்தும் ஊற்றப்பட்டது. நெடுங்காலம் இது கட்டுக்கதை என்றே பலர் கூறிவந்தனர். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி அவ்விடத்தைத் தோண்டினர். ஏறக்குறைய 1,300 கசெற்றுக்கள் மண்ணோடு மண்ணாய் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று இன்று வாசிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. குப்பையென்று புதைத்தது முப்பத்தோராண்டில் நூதனசாலைப் பொருளாயிற்று. புதைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் வணிகர், வரலாற்றாசிரியரல்லர்.

ஆனால் மண்ணிற் புதைந்த கசெற்றைத் தோண்டியெடுக்கலாம். தானாகவே சாகும் விளையாட்டை என் செய்வது? ஒரு நூல் கிடைத்தால் அதனை வாசிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். விளையாட்டு அவ்வாறன்று. அது எழுதப்பட்ட சில்லும், அச்சில்லைப் படிக்கும் இயந்திரமும், அதற்கேற்ற திரையும், கைப்பிடியும் ஒருங்கே உயிரோடிருக்கவேண்டும். காந்தத் தட்டுக்களிற் பதிந்தவை ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கிப்போகின்றன. இவையெல்லாம் இயற்கையின் அழிவு. மனிதரே கருதிச் செய்த அழிவும் ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

கப்கொம் என்னும் யப்பானியக் கம்பனி 1993ஆம் ஆண்டு தொட்டுக் காசுபோட்டு ஆடும் இயந்திரங்களுக்கென "சீ.பீ.எஸ். 2" என்ற புதிய சுற்றுப்பலகையை வெளியிட்டது. அதற்கு முந்திய பலகையைப் பலர் களவாகப் படிசெய்து விற்றமையாற் கம்பனிக்கு நட்டம். எனவே புதிய பலகையில் விளையாட்டின் நிரலை மறைகுறியில் எழுதி, அம்மறைகுறியை அவிழ்க்கும் திறவெண்களை ஒரு சிறு மின்கலத்தின் தயவில் வாழும் நினைவகத்தில் வைத்தனர். பலகையைத் துருவி ஆராய முனைந்தால் திறவெண் போய்விடும். நல்ல பூட்டுத்தான். ஆனால் மின்கலம் என்றும் நிற்பதோ? சில ஆண்டுகளில் அது தானே ஓயும். ஓய்ந்தால் திறவெண் மறையும். நேர்மையாய்ப் பணம் கொடுத்து வாங்கியவனுடைய இயந்திரமும் வெறும் பலகையாகும். இதனை ஆர்வலர் "தற்கொலை மின்கலம்" என்றே அழைத்தனர். கள்வனுக்கென வைத்த நஞ்சு வீட்டுக்காரனின் சோற்றிலும் கலந்திருந்தது.

2001ஆம் ஆண்டில் ஆர்வலர் குழுவொன்று இதற்கு வழி கண்டது. இன்னும் உயிரோடிருந்த பலகைகளுள்ளே தமது சொந்த நிரலைப் புகுத்தி, பலகை தன் மறைகுறியைத் தானே அவிழ்க்கும் வேளையில் அவிழ்ந்ததைப் பிரதிசெய்துகொண்டனர். இதனை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே செய்யவேண்டியிருந்தது. 2007இல் மறைகுறியின் கணித முறையே முழுவதும் வெளிப்பட்டது. இன்று, செத்துப்போன பலகையையும் மீண்டும் உயிர்ப்பிக்க முடிகின்றது. இதற்காக இவர்களுக்கு எவரும் ஊதியம் கொடுக்கவில்லை. பட்டமும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. 1995ஆம் ஆண்டு முதல் 2000ஆம் ஆண்டு வரை யப்பானிலே நின்ரெண்டோவின் விளையாட்டுக்கள் சில செய்மதி வழியாக ஒலிபரப்பப்பட்டன. "சற்றெலாவியூ" என்ற கருவியை வீட்டிற் பொருத்தியவர் வானொலி கேட்பதுபோல் விளையாட்டைப் பெற்று, சிறிய நினைவுப் பொதியிற் சேமித்துக்கொண்டனர். புதியதைச் சேமித்தாற் பழையது அழியும். சேவை நின்றது, கடையில் என்றும் விற்கப்படாத அவ்விளையாட்டுக்களிற் பல, பழம்பொருட் சந்தையில் விலைக்கு வரும் நினைவுப் பொதிகளில் தற்செயலாக எஞ்சியவையே. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே அப்பொதிகளை வாங்கிப் படித்துப் பார்ப்போர் இன்றும் உளர். பழைய வீடுகளின் பரணிலே ஏடு தேடியவர்களை நாம் அறிவோம். இவர்களும் அந்த இனத்தவரே.

இவ்வாறு எடுத்த படியை எங்கே ஓட்டுவது? மூல இயந்திரம் இல்லாத இடத்திலும் இன்றைய கணினியை அப்பழைய இயந்திரம்போல் நடிக்கச் செய்யும் நிரலொன்று வேண்டும். அதனை எமுலேற்றர் என்பர். 1997ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் "மேம்" என்ற எமுலேற்றரை வெளியிட்டார். "பக்மான்" முதலிய சில விளையாட்டுக்களோடு தொடங்கிய அது, உலகெங்குமுள்ள தொண்டர்களின் உழைப்பாற் பல்லாயிரம் இயந்திரங்களின் உள்ளமைப்பை எழுதிவைத்த பேரேடாக வளர்ந்தது. 2016இல் அது எவரும் திருத்தவும் வழங்கவும் கூடிய கட்டற்ற நிரலாயிற்று. 2014ஆம் ஆண்டு நவெம்பரில் அமெரிக்காவின் "இன்ரநெற் ஆக்கைவ்" என்னும் இணைய ஆவணகம், ஜேசன் ஸ்கொற் என்பாரின் முயற்சியால், ஏறக்குறைய 900 பழைய விளையாட்டுக்களை எவரும் தம் கணினியிலேயே திறந்து ஆடிப்பார்க்கும்படி வைத்தது.

படியெடுத்தலின் அருமையை எமது நாட்டவர்க்கு விளக்கத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூலை மீண்டும் வாங்கி அடுக்க முடிந்தது. படியில்லாத சுவடியை எவ்விலை கொடுத்தும் வாங்க முடியவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1998ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27ஆந் திகதியும் 28ஆந் திகதியும் அமெரிக்க ஜனாதிபதி கிளின்ரன் அடுத்தடுத்து இரு சட்டங்களிற் கையொப்பமிட்டார். முதலாவது, பதிப்புரிமையின் காலத்தை நீட்டியது. கம்பனிக்கெனச் செய்யப்பட்ட ஆக்கத்துக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. இரண்டாவது இருவகையிற் கடுமையானது. பூட்டை உடைத்தலே குற்றமாயிற்று, உள்ளே இருப்பதைக் களவெடுக்காவிடினும். அன்றியும், உரிமையாளன் ஓர் அறிவித்தல் அனுப்பினால், இணையத்தில் இடம் கொடுத்தவன் அப்பொருளை உடனே அகற்றிவிடுதலே தன்னைப் பொறுப்பிலிருந்து காத்துக்கொள்ளும் வழி. நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புக் கூறும்வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. முதலாவது சட்டப்படி, நாம் மஞ்சள் கசெற்றில் ஆடிய மாரியோ அமெரிக்காவிற் பொதுவுடைமையாவது 2081ஆம் ஆண்டில். எம் வயதினர் அன்று எண்பதை அண்மியிருப்பர். அதற்கு முன்னே கசெற்றின் சில்லு என்னாகும் என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

எமுலேற்றர் செய்தல் தன்னளவிற் குற்றமன்று. சோனிக் கம்பனி கொனெக்ரிக்ஸ் என்ற கம்பனிமேல் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு மன்றமொன்று அதற்கு இடம் கொடுத்தது. குற்றமாவது விளையாட்டின் படியைப் பரப்புதலே. அதன்பொருட்டு அறிவித்தல்கள் ஓயாது வந்தன. 2016இல் நின்ரெண்டோ, தான் வெளியிட்டு 2012இல் நிறுத்திவிட்ட "நின்ரெண்டோ பவர்" என்ற சஞ்சிகையின் பழைய இதழ்களைக்கூட இணைய ஆவணகத்திலிருந்து அகற்றுவித்தது. 2018ஆம் ஆண்டு யூலையில் அக்கம்பனி அரிசோனா மாநிலத்தில் வழக்கொன்று தொடுத்தது. விளையாட்டுப் படிகளை வழங்கிய இரு தளங்களை நடத்தியோர் அதில் எதிரிகள். நவெம்பரில் 1 கோடியே 22 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் நட்டஈட்டுக்கு உடன்பாடாயிற்று. அவ்வழக்கின் செய்தி பரவியதும், பதினெட்டாண்டு நடந்துவந்த "இமுபரடைஸ்" என்ற பெருங்களஞ்சியம் ஓகஸ்ட் மாதத்தில் தன் படிகளையெல்லாம் தானே நீக்கிக்கொண்டது. 1997 முதல் நடந்துவரும் "விம்ஸ் லெயர்" என்னும் தளமும் 2024ஆம் ஆண்டு யூனில், நின்ரெண்டோ, சேகா முதலிய கம்பனிகளும் அமெரிக்க விளையாட்டு வணிகர் சங்கமும் கேட்டதற்கிணங்கப் பலவற்றை அகற்றிற்று.

இவ்விடத்தில் எம் இளைஞர் சிலர் கம்பனிகளைத் திட்டத் தொடங்குவர். அவசரப்படலாகாது. மாரியோவும் "செல்டா"வும் இன்றும் விலைபோகும் பொருள்கள். நின்ரெண்டோ 2006 முதலே பழைய விளையாட்டுக்களை மீண்டும் விற்றுவந்தது. அவற்றை இனாமாக வழங்குபவன் "நான் வரலாற்றைக் காக்கிறேன்" என்றால் யார் நம்புவர்? "ரொம்யூனிவேஸ்" என்ற தளம் ஆண்டுக்கு 30 டொலர் சந்தாவும் வாங்கிற்று. 2021ஆம் ஆண்டு நீதிமன்றம் அதனை நடத்தியவருக்கு 21 இலட்சம் டொலர் விதித்தது. அத்தீர்ப்பில் எமக்கு மனக்குறையில்லை. காப்பவனும் கள்வனும் ஒரே கதவால் நுழைந்தமையே இங்குள்ள துன்பம். புகழ்பெற்ற நூறு விளையாட்டுக்களைக் காக்க அறிவித்தல் அனுப்பினார்கள். அவற்றோடு ஒரே களஞ்சியத்திற் கிடந்த, உரிமையாளன் யாரென்றே தெரியாத ஆயிரமும் கூடவே மறைந்தன.

உரிமையாளரே தம் பொருளைக் காத்து விற்பாராயின் வழக்கேது? ஆனால் நடப்பது வேறு. அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிலையம், நிரற் காப்புச் சங்கமொன்றோடு சேர்ந்து 2023ஆம் ஆண்டு யூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் 87 வீதமானவை இன்று எக்கடையிலும் வாங்க முடியாதவை என்பது அதன் முடிவு. "கேம் போய்" என்னும் கைப்பெட்டியின் விளையாட்டுக்களில் எஞ்சியவை 6 வீதத்துக்கும் குறைவு. அவ்வாண்டு மார்ச் 27ஆந் திகதியே நின்ரெண்டோவின் இரு பழைய பெட்டிகளுக்குரிய இணையக் கடையும் விற்பனையை நிறுத்தியிருந்தது. அக்கடையில் மட்டுமே விற்கப்பட்டவற்றை அதன்பின் எப்பணம் கொடுத்தும் நேர்வழியில் வாங்க முடியாது.

ஆக்கியோனே தன் ஆக்கத்தை இழத்தலும் உண்டு. 1989இல் வெளிவந்த "பிறின்ஸ் ஒப் பேர்சியா"வை ஆக்கிய ஜோர்டன் மெக்னர் அதன் மூல நிரலை நெடுநாளாகத் தேடிக் காணாதிருந்தார். 2012ஆம் ஆண்டு அவருடைய தந்தையார் வீட்டிலிருந்த பெட்டியொன்றிற் பழைய தட்டுக்களைக் கண்டெடுத்தார். அவற்றைப் படிக்கும் கருவியும் வித்தையும் இருந்தது, மேலே கூறிய ஜேசன் ஸ்கொற் முதலான பழங்கணினி ஆர்வலரிடமே. மூல நிரல் மீண்டது. மெக்னர் அதனை எல்லோரும் காண வெளியிட்டார்.

நேர்வழியே நாடிய நூலகத்தாரின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. அமெரிக்கச் சட்டத்தில் மூன்றாண்டுக்கொருமுறை விலக்குக் கேட்கலாம். 2003இல் இணைய ஆவணகம் கேட்டு, வழக்கொழிந்த இயந்திரங்களுக்குரிய நிரல்களின் பூட்டைக் காப்புக்காகத் திறக்கும் உரிமையைப் பெற்றது. 2015இல், கம்பனி தன் வழங்கியை நிறுத்திவிட்டமையால் இறந்துபோன விளையாட்டுக்களுக்கும் ஓரளவு விலக்குக் கிடைத்தது. நூலகங்கள் படி வைத்திருக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளன் அந்நூலகத்தின் கட்டடத்துக்குள்ளே வந்தே அதனை ஆடிப்பார்க்கவேண்டும். ஏனைய கணினி நிரல்களுக்கு 2021இல் இவ்வெல்லை தளர்ந்தது. விளையாட்டுக்கு மட்டும் தளரவில்லை. தூரத்திலிருந்தும் பார்க்க இடந்தாருங்கள் என்று 2024இல் மீண்டும் கேட்டனர். வணிகர் சங்கமோ, எந்நிபந்தனையோடும் தம் உறுப்பினர் இதற்கு இசையார் என்று விசாரணையில் அறிவித்தது. ஒக்ரோபர் 25ஆந் திகதி கோரிக்கை மறுக்கப்பட்டது. ஆராய்ச்சி என்று கூறி மக்கள் வெறுமனே ஆடி மகிழ்வர், அதனாற் பழைய விளையாட்டுச் சந்தை கெடும் என்ற அச்சம் மறுப்புக்குரிய காரணங்களுள் ஒன்று. நாவலை வாசித்து மகிழ்ந்துவிடுவான் என்று அஞ்சி மாணவனுக்கு நாவலைக் கொடுக்க மறுக்கும் நூலகரை நாம் இன்னும் கண்டதில்லை.

இணங்கிப் போதலும் கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. "சிற்றி ஒப் ஹீரோஸ்" என்ற, பலர் கூடி ஆடும் விளையாட்டைக் கொரிய நாட்டு என்.சீ.சொவ்ற் கம்பனி 2012ஆம் ஆண்டு நவெம்பர் 30ஆந் திகதி நிறுத்திவிட்டது. ஆடியவர் சிலர் அதனை இரகசியமாக நடத்திவந்தமை 2019இல் வெளிவந்தது. கம்பனி வழக்குக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பேசிற்று, ஐந்தாண்டு கழித்து, 2024 சனவரியில், அவ்வார்வலர் குழுவொன்றுக்கு நடத்தும் உரிமப் பத்திரத்தையே கொடுத்தது.

மேலே கூறிய வரலாற்று நிலையம் 2025ஆம் ஆண்டு சனவரி முடிவிலே தன் நூலகத்தை இணையத்தில் திறந்தது. பழைய விளையாட்டுச் சஞ்சிகைகள் 1,500 இதழ்களுக்கு மேலும், ஆக்கியோரின் குறிப்புக்களும் வரைபடங்களும் அங்கே உள்ளன. இவ்வூரிலிருந்தும் எவரும் இலவசமாக வாசிக்கலாம். ஒரு விளையாட்டை யார் வரைந்தார், எவர் விளம்பரம் எழுதினார், எந்த விமர்சகர் குறைகூறினார் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். விளையாட்டு மட்டும் அங்கில்லை. அதற்கான அடுத்த விண்ணப்பம் 2027ஆம் ஆண்டுச் சுற்றிலேதான்.

இக்கட்டுரைக்கென எம் நண்பர் ஒருவர் வீட்டில் மேலறையைத் துழாவி அந்த மஞ்சட் கசெற்றைக் கண்டெடுத்தோம். பெட்டி வேலைசெய்யவில்லை. கசெற்றின் மேலிருந்த படம் மங்கியிருந்தது; எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.